விசை, ஆற்றல், எளிய இயந்திரங்கள்: சின்னப் பிள்ளைகளுக்குக் கையால் சொல்லித்தரும் முழு வழிகாட்டி

முதல் முறை நான் இதைத் தப்பாகத்தான் தொடங்கினேன். ஆறு எளிய இயந்திரங்களின் படம் போட்ட ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, நெம்புகோல், கப்பி, சக்கரமும் அச்சும், சாய்தளம், ஆப்பு, திருகு என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்து வயதுப் பிள்ளை இரண்டே நாளில் மூச்சுவிடாமல் ஒப்பித்தது. பரவாயில்லையே என்று ஒரு கத்தரிக்கோலைக் காட்டி "இது என்ன?" என்றேன். "கத்தரிக்கோல், இதுகூடத் தெரியாதா?" என்று பதில் வந்தது. அதே கத்தரிக்கோலில் இரண்டு நெம்புகோலும் இரண்டு ஆப்பும் இருப்பது அந்தத் தாளிலிருந்து அதன் தலைக்குள் போகவே இல்லை.

அதற்கப்புறம் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டேன். முதலில் கை, அப்புறம் கண், பெயர் கடைசியில். அந்தக் கை எதை உணர வேண்டும் என்று கேட்டால் ஒரே ஒரு விஷயம்தான்: இயந்திரம் எதையும் சும்மா தராது. விசையைக் குறைத்துக் கொடுத்தால், அதைத் தூரத்தில் வசூல் பண்ணிவிடும். கொஞ்சமாகத் தள்ள வேண்டுமா, அப்போது அதிக தூரம் தள்ள வேண்டும். 1600 வாக்கில் கலிலியோ எளிய இயந்திரங்களைப் பற்றி எழுதியபோது, இயந்திரத்தை வைத்து இயற்கையை ஏமாற்றிவிடலாம் என்று நினைப்பவர்களைப் பார்த்துச் சொன்னதும் இதுதான். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது விரல் நுனியிலேயே புரிகிறது, நாம் சூத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வராமல் இருந்தால்.

நாலு வயதிலிருந்து ஒன்பது வயது வரை இந்த வழி ஓடும். ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் அது வகுப்பாகிவிடும். தேவையானவை: 30 சென்டிமீட்டர் ஸ்கேல், ஆறுபட்டைப் பென்சில் சில (உருண்டைப் பென்சில் ஐந்தாம் படிக்கு மட்டும், மற்ற இடங்களில் உருண்டு ஓடி உயிரை வாங்கும்), ஒரே மாதிரியான நாணயங்கள், ரப்பர் பேண்ட், நூல் தீர்ந்த நூல்கண்டு, கோலிக்குண்டு, ஒரு பொம்மைக் கார், நீளமான பலகை, ஒரு தட்டு நிறைய காய்ந்த மணல், இரண்டு கழிகள், வழவழப்பான கயிறு. மூன்று வயதுக்குக் கீழே இன்னொரு குழந்தை வீட்டில் இருந்தால் கோலிக்குண்டையும் நாணயத்தையும் எண்ணி எடுத்து, எண்ணியே திரும்ப வையுங்கள், வாயில் போட்டுவிடும்.

படி 1: கதவில் தொடங்குங்கள்

எந்தப் பொருளும் வாங்காமல் செய்யக்கூடிய மிகச் சிறந்த சோதனை கதவுதான். கதவைப் பாதி திறந்து வைத்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு விரலால் தள்ளச் சொல்லுங்கள், சுலபமாகப் போகும். இப்போது கீலுக்கு ஒரு சாண் தள்ளி அதே விரலால் தள்ளச் சொல்லுங்கள். முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் போட்டி. நீங்கள் ஒரு பக்கம் கீலின் அருகே, கீலிலிருந்து 15 சென்டிமீட்டரில் நின்று தள்ளுங்கள், பிள்ளை மறுபக்கம் கதவின் ஓரத்தில் 75 சென்டிமீட்டரில் நின்று எதிர்த்துத் தள்ளட்டும். ஐந்து மடங்கு தூரம், அதனால் பிள்ளை தள்ளுவதைப் போல ஐந்து மடங்கு நீங்கள் தள்ளினால்தான் கதவு நடுவில் நிற்கும். நீங்கள் உண்மையாகவே திணறுவீர்கள், நடிக்கத் தேவையே இருக்காது. பெரியவரை ஜெயித்த பிள்ளை அதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருக்கும், பாடமும் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும். விரல் கீல் இடுக்கில் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயித்து முடித்த பிறகு ஒன்றைக் காட்டுங்கள். கதவு திறக்கும்போது பிள்ளையின் கை எவ்வளவு தூரம் நடந்தது, உங்கள் கை எவ்வளவு நகர்ந்தது? அது பெரிய வளைவு, உங்களுடையது துளியூண்டு. வசூல் அங்கே நடந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் வார்த்தைச் சிக்கல் வரும். விசை, ஆற்றல், சக்தி, பலம், தெம்பு எல்லாவற்றையும் பேச்சில் நாம் ஒன்றாகவே போட்டுக் குழப்பிக்கொள்கிறோம், போதாக்குறைக்கு மின்விசை, விசைப்பலகை என்று வேறு இருக்கிறது. நான் செய்வது: விசை என்றால் தள்ளு அல்லது இழு, வேறு ஒன்றும் இல்லை. ஆற்றல் என்ற சொல்லை ஆறாம் படி வரை எடுக்கவே மாட்டேன். ஒரு நாள் முழுக்க வீட்டில் நடக்கும் ஒவ்வொன்றையும் "தள்ளா, இழுவா?" என்று கேட்டு விளையாடுங்கள். பட்டன் போடுவது, இழுப்பறை திறப்பது, பற்பசையைப் பிதுக்குவது. கீழே விழும் பந்தைக் கேட்டால் கொஞ்சம் யோசிக்கும், யாரும் தொடவில்லையே என்று. பூமி இழுக்கிறது என்பதை அப்போது சொன்னால் அதற்கு ஒரு இடம் கிடைக்கும்.

படி 2: நின்றுபோன கார்

பொம்மைக் காரை ஒரே பலகைச் சரிவில், ஒரே கோட்டிலிருந்து விடுங்கள். தள்ளக் கூடாது, விட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வேகம் வந்து ஒப்பிடவே முடியாது. கீழே ஒருமுறை வெறும் தரை, ஒருமுறை பாய், ஒருமுறை துண்டு. எங்கே நின்றதோ அங்கே ஒரு காகிதத்தை வைக்கட்டும்.

கார் ஏன் நின்றது என்றால் "தள்ளினது தீர்ந்துபோச்சு" என்பார்கள். பெரியவர்களும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து மனித மூளை அப்படித்தான் ஓடியிருக்கிறது. ஆனால் நிறுத்தியது உராய்வு. தரை வழவழப்பாக ஆக ஆக கார் தூரம் போகிறது, அப்படியென்றால் உராய்வே இல்லாத தரையில்? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எனக்கு வந்த பதில், "அது போய்க்கிட்டே இருக்கும், நம்மால பிடிக்க முடியாது." 1687-இல் நியூட்டன் வெளியிட்ட முதல் விதியின் சாரம் கிட்டத்தட்ட இதேதான்.

ஒரு எச்சரிக்கை: உராய்வை வில்லனாக்கிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நடக்க முடியாது, பென்சில் எழுதாது, கட்டிய முடிச்சு நிற்காது.

படி 3: ஸ்கேலும் நாணயமும்

பென்சிலைப் படுக்கவைத்து, அதன் மேல் ஸ்கேலை 15-ஆம் கோடு சரியாகப் பென்சிலில் உட்காரும்படி வையுங்கள். நடுவில் வைப்பது முக்கியம். வேறு இடத்தில் வைத்தால் ஸ்கேலின் சொந்த எடையே நீளமான பக்கத்தைச் சாய்த்துவிடும், கணக்கு சொதப்பும், பிள்ளை உங்களைச் சந்தேகமாகப் பார்க்கும். ஸ்கேல் வழுக்கினால் பென்சிலை மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

இப்போது நடுவிலிருந்து 5 சென்டிமீட்டரில் இரண்டு நாணயம் வைத்துவிட்டு, மறுபக்கம் ஒரே ஒரு நாணயத்தைக் கொடுத்து "இதை வைத்துச் சமன் பண்ண முடியுமா?" என்று கேளுங்கள். தேடட்டும், அவசரப்படுத்தாதீர்கள். 10 சென்டிமீட்டரில் வந்து அது நிற்கும். நாணயத்தின் நடுப்பகுதி கோட்டுக்கு நேரே இருக்க வேண்டும், அரை சென்டிமீட்டர் தள்ளினாலும் சாயும். அடுத்து மூன்று நாணயம் 4 சென்டிமீட்டரில், எதிரே ஒன்று 12-இல். பெருக்கல் தெரிந்த பிள்ளை இதற்குள் கண்டுபிடித்துவிடும். தெரியாத பிள்ளைக்கு "தனியாள் தூரமாகப் போய் உட்காரணும்" என்பது போதும். சீசாவில் அண்ணனும் தம்பியும் ஏறினால் யார் உள்ளே தள்ளி உட்கார வேண்டும் என்று கேட்டால் உடனே சொல்லும்.

அதன் பிறகு தடித்த புத்தகம். ஸ்கேல் வளையும், அதனால் இதற்கு ஒரு கட்டையான மரத்துண்டை எடுத்துக்கொண்டு, அதன் ஒரு நுனியைப் புத்தகத்துக்கு அடியில் கொடுத்து, பென்சிலைப் புத்தகத்துக்கு மிக அருகில் வைத்தால் மறுநுனியைச் சுண்டுவிரலால் அழுத்தியே தூக்கிவிடலாம். பென்சிலைக் கொஞ்சம் கொஞ்சமாக விரல் பக்கம் நகர்த்திக்கொண்டே போனால் கனத்துக்கொண்டே வரும், ஆனால் புத்தகம் முன்பைவிட உயரமாக எழும்பும். மறுபடி அதே பேரம்.

பாடப்புத்தகத்தில் நெம்புகோலுக்கு மூன்று வகை சொல்லியிருப்பார்கள். எட்டு வயதுக்கு முன்னால் அதைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து, முதல் வகை இரண்டாம் வகை என்று ஒப்பிப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் காட்டலாம்: சொந்த முழங்கை. மேற்கைத் தசை முழங்கை மூட்டுக்குச் சில சென்டிமீட்டர் தள்ளித்தான் ஒட்டியிருக்கிறது, பளுவோ உள்ளங்கையில், வெகு தூரத்தில். கதவில் கீலருகே நின்று நீங்கள் திணறிய அதே நிலைமைதான் அந்தத் தசைக்கும். கையில் இருக்கும் எடையைவிடப் பல மடங்கு அது இழுக்க வேண்டும், பதிலுக்குத் தசை கொஞ்சம் சுருங்கினாலே கை வேகமாக, நீண்ட தூரம் போகிறது. விசையைக் கொடுத்துத் தூரத்தை வாங்கும் இயந்திரமும் உண்டு என்று அப்போது தெரியும்.

படி 4: சரிவு, அதைச் சுருட்டினால் திருகு

பொம்மைக் காரில் நாலைந்து நாணயங்களைக் கட்டிக் கனமாக்கி, முன்னால் ஒரு ரப்பர் பேண்டைக் கட்டுங்கள். ரப்பரைப் பிடித்துக் காரை நேராகத் தூக்கும்போது அது எவ்வளவு நீள்கிறது என்று ஒரு காகிதத் துண்டில் குறியுங்கள். அப்புறம் 1 மீட்டர் பலகையின் ஒரு முனையை 25 சென்டிமீட்டர் உயர்த்தி, அதன் மேல் மெதுவாக இழுத்துப் பார்த்து மறுபடி குறியுங்கள். ரப்பர் மிகக் குறைவாகவே நீளும். உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால் நாலில் ஒரு பங்கு விசை போதும், ஏனென்றால் உயரத்தைவிட நாலு மடங்கு தூரம் இழுக்கிறோம். நிஜத்தில் உராய்வு கொஞ்சம் சேர்ந்துகொள்ளும், ரப்பரும் இழுப்புக்குச் சரியான விகிதத்தில் நீளாது, அதனால் எண்ணாகப் பார்க்காமல் கூடுதல், குறைவு என்று மட்டும் பாருங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தது. காகிதத்தைக் குறுக்காக வெட்டி ஒரு செங்கோண முக்கோணம் எடுங்கள், சாய்வு ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கனமாக ஒரு கோடு போடுங்கள். இது ஒரு சரிவு, எறும்பு ஏறும் பாதை. இப்போது நிமிர்ந்து நிற்கும் பக்கத்தைப் பென்சிலோடு ஒட்டவைத்துச் சுற்றுங்கள். கோடு பென்சிலைச் சுற்றிச் சுற்றி ஏறும், அப்படியே ஒரு திருகாணி. பக்கத்தில் நிஜத் திருகாணி ஒன்றை வைத்துவிட்டால் விளக்கமே வேண்டாம். பாட்டில் மூடி, பல்பின் அடிப்பாகம், மலைப்பாதை எல்லாம் அதன் பிறகு தானாக வரும்.

ஆப்பைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றும் இல்லை. சரிவை அப்படியே வைத்துப் பொருளை ஏற்றினால் சாய்தளம், சரிவையே பொருளுக்குள் தள்ளினால் ஆப்பு. கத்தி, கோடரி, நம் முன்பல். களிமண்ணில் ஸ்கேலின் தட்டையான பக்கத்தையும் ஓரத்தையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தால் போதும், நகரலாம்.

படி 5: உருளை, சக்கரம், கப்பி

நாலு புத்தகத்தை அடுக்கி, ஒரு விரலால் தள்ளச் சொல்லுங்கள். அப்புறம் அடியில் ஐந்தாறு உருண்டைப் பென்சில்களைப் போட்டுத் தள்ளச் சொல்லுங்கள் (இங்கேதான் அவற்றுக்கு மரியாதை). பின்னால் விடுபடும் பென்சிலை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டே போக வேண்டும், பத்தாவது தடவை பிள்ளைக்கே அலுத்து, பென்சில் கூடவே வருகிற மாதிரி செய்ய முடியாதா என்று கேட்கும். அச்சு என்ற ஒன்று எதற்கு என்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வீட்டில் சைக்கிள் இருந்தால், தலைகீழாக நிறுத்தி, டயரில் ஒரு சாக்பீஸ் குறி போட்டு, மிதிகட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணலாம். முன்பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 22 பல் என்றால் இரண்டு சுற்று. விரலைச் சங்கிலியிலிருந்தும் கம்பிகளிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும், நீங்கள்தான் மிதியைப் பிடிக்க வேண்டும்.

கப்பியில் பெரியவர்களே ஒரு தப்புச் செய்கிறோம். மேலே மாட்டிய ஒற்றைக் கப்பி விசையைக் குறைக்காது. கொடிக்கம்பத்தில் இருப்பது அதுதான். 2 கிலோவைத் தூக்க 2 கிலோவுக்கான இழுப்பு வேண்டியதுதான், கூடவே கொஞ்சம் உராய்வு. ஆனால் மேலே தூக்குவதற்குப் பதில் கீழே இழுக்கிறோம், நம் உடம்பின் எடையும் துணைக்கு வருகிறது, அதனால் சுலபமாகத் தோன்றுகிறது. நூல்கண்டின் ஓட்டைக்குள் பென்சிலைச் செருகி, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே வைத்து, மேலே நூலை ஓடவிட்டால் இதைக் காட்டிவிடலாம்.

விசை குறைவதைக் காட்ட இரட்டைக் கழி விளையாட்டு இருக்கிறது. இரண்டு பெரியவர்கள் ஆளுக்கொரு கழியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்க வேண்டும். கயிற்றின் ஒரு நுனியை ஒரு கழியில் கட்டி, இரண்டு கழிகளையும் சுற்றிச் சுற்றி, இடையில் நாலு இழை ஓடும்படி வைத்து, மறுநுனியைப் பிள்ளையிடம் கொடுங்கள். "நாங்க பிரிச்சு இழுப்போம், நீ கயிற்றை இழு." பெரியவர்கள் இருவரும் தோற்றுப்போவார்கள். கழிகள் ஒரு அடி நெருங்க பிள்ளை நாலு அடி கயிறு இழுத்திருக்கும், கயிற்றைத் தரையில் போட்டு அளந்து காட்டுங்கள். சொரசொரப்பான கயிறு என்றால் உராய்வே எல்லாவற்றையும் தின்றுவிடும், ஆறேழு இழைக்கு மேல் சுற்றினாலும் அதே கதி. கழியும் கழியும் இடிக்கிற வரை இழுக்க விடாதீர்கள், நடுவில் விரல் மாட்டும்.

படி 6: இப்போது ஆற்றல்

ஆற்றலைக் காட்ட முடியாது, அதுதான் கஷ்டம். அது ஏற்படுத்தும் மாற்றத்தைத்தான் காட்டலாம். மணல் தட்டைத் தரையில் வைத்து ஒரே கோலிக்குண்டை 10, 20, 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போடுங்கள். குண்டு மாறவில்லை, குழி மட்டும் பெரிதாகிறது. குண்டுக்குள் கூடுதலாக என்ன வந்தது, யார் போட்டார்கள்? உயரத் தூக்கிய கைதான் போட்டது. இதே மாதிரிச் சோதனையை 1722-இல் ஹாலந்தில் கிராவெசாண்டே என்பவர் பித்தளைக் குண்டுகளையும் மென்மையான களிமண்ணையும் வைத்துச் செய்தார். வேகம் இரண்டு மடங்கானால் குழி இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு ஆழம் போகிறது என்று கண்டார். பிரான்ஸின் எமிலி து ஷாட்லே 1740-இல் அதை எடுத்துச் சொல்லி வாதாடினார். நம் தட்டு மணலில் அவ்வளவு துல்லியம் வராது, ஆனால் பெரிய ஆட்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட அதே விளையாட்டை விளையாடுகிறோம் என்பதில் ஒரு குஷி இருக்கிறது.

கனமானதுதான் முதலில் விழும் என்ற நினைப்பும் இங்கே தலைகாட்டும். இரண்டு ஒரே மாதிரித் தாள்கள், ஒன்றைக் கசக்கி உருட்டி, இரண்டையும் ஒன்றாக விடுங்கள். எடை ஒன்றுதான், தாமதப்படுத்தியது காற்று. 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவில் நின்று சுத்தியலையும் ஒரு இறகையும் ஒன்றாகக் கைவிட்டார், இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. அந்தப் படப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது, நிச்சயம் காட்டுங்கள்.

சேமிப்பைக் காட்ட நூல்கண்டு வண்டி. நூல்கண்டின் ஓட்டை வழியாக ரப்பர் பேண்டை நுழையுங்கள். ஒரு பக்கம் சின்னக் குச்சித்துண்டில் மாட்டி, அது சுற்றாதபடி டேப் போடுங்கள். மறுபக்கம் ஒரு பட்டனைக் கோத்து, வெளியே வரும் ரப்பரில் நீளப் பென்சிலைச் செருகுங்கள். பென்சிலை இருபது சுற்றுச் சுற்றித் தரையில் விட்டால் வண்டி மெதுவாக ஊர்ந்து போகும். பத்து, இருபது, முப்பது சுற்றுக்கு எவ்வளவு தூரம் போனது என்று பிள்ளையே ஒரு அட்டவணை போடட்டும். சறுக்கினால் நூல்கண்டின் விளிம்பில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றுங்கள், உராய்வு இந்த முறை நம் பக்கம்.

வண்டி நின்றதும் "ஆற்றல் எங்கே போச்சு?" என்று கேளுங்கள். தீர்ந்துபோச்சு என்றால் உள்ளங்கைகளை வேகமாகத் தேய்த்துக் கன்னத்தில் வைக்கச் சொல்லுங்கள். சூடு. அங்கேதான் போனது, சத்தமாகவும் கொஞ்சம் போனது. குதிக்கும் பந்து ஏன் விட்ட உயரத்துக்குத் திரும்ப வருவதில்லை என்பதற்கும் பதில் இதுவே. ஒரு பந்தைக் காலுறைக்குள் போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டு, மூக்கைத் தொடும்படி பிடித்து, தள்ளாமல் கைவிட்டு, தலையை அசைக்காமல் நின்றால் திரும்பி வரும் பந்து மூக்கைத் தொடாது. தைரியமாக நிற்பவர்கள் குறைவு, நானே முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டேன்.

அளவு கேட்கிற பிள்ளைக்கு ஒரு எண் கொடுக்கலாம். ஆற்றலை ஜூல் என்ற அலகில் அளக்கிறோம்: 100 கிராம் பொருளை 1 மீட்டர் தூக்கினால் கிட்டத்தட்ட 1 ஜூல். 20 கிலோ பிள்ளை 3 மீட்டர் மாடி ஏறினால் ஏறக்குறைய 600 ஜூல். சாப்பாட்டு ஆற்றலை அளக்கும் ஒரு கிலோ கலோரி என்பது 4,184 ஜூல், அதாவது வெறும் கணக்குப்படி ஏழு மாடி. நிஜத்தில் உடம்பு சாப்பாட்டு ஆற்றலில் பெரும்பகுதியைச் சூடாகவே விட்டுவிடுகிறது, மாடி ஏறி வந்தவர் ஏன் வியர்க்கிறார் என்று இங்கே கேட்டுவிடலாம்.

கேள்வி கேட்கும் விதம்

"ஏன்?" என்று முதலிலேயே கேட்டால் பிள்ளைகள் உறைந்துபோகிறார்கள், அது பரீட்சைக் கேள்வி மாதிரி. "இப்போ என்ன ஆகும்னு நினைக்கிற?" என்பதைத்தான் நான் நூறு முறை கேட்கிறேன். சொன்ன பிறகுதான் செய்ய வேண்டும். தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள், மேசைமேல் இருக்கும் பொருள் திருத்திக்கொள்ளும். நாலு வயதுக்கு "கஷ்டமா, சுலபமா", ஆறுக்கு "எது அதிகம்", எட்டுக்கு மேல் "எத்தனை". இந்த வரிசையை அவசரமாகத் தாண்ட வேண்டியதில்லை.

படி 7: எல்லாவற்றையும் கோத்து ஒரு கிறுக்கு இயந்திரம்

ஒரு கோலிக்குண்டில் தொடங்கி மணி அடிப்பதில் முடியும் சங்கிலி ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். குண்டு சரிவில் ஓடி, கட்டைகளைத் தள்ளி, கட்டை விழுந்து ஸ்கேல் நெம்புகோலை அழுத்தி, மறுநுனி கப்பி நூலை விடுவித்து, இப்படி. இத்தகைய தேவையில்லாத சிக்கல் இயந்திரங்களை அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ரூப் கோல்ட்பெர்க் வரைந்து தள்ளியதால் அவர் பெயரே இவற்றுக்கு ஒட்டிக்கொண்டது. மூன்று கண்ணி போதும், ஐந்துக்கு மேல் போனால் அழுகையில் முடியும்.

கடைசிக் கண்ணியை முதலில் கட்டுங்கள். மணி அடிக்க எவ்வளவு தள்ளு வேண்டும் என்று தெரிந்தால்தான் அதற்கு முந்தையது என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். பெரும்பாலும் கெடுவது கண்ணிகளுக்கு நடுவில் இருக்கும் இணைப்புதான், ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும், அல்லது வந்து சேரும் தள்ளு போதாமல் இருக்கும். போதவில்லை என்றால் சரிவை உயர்த்தலாம், நெம்புகோலின் பென்சிலை நகர்த்தலாம், கனமான குண்டு போடலாம். எதைச் செய்வது என்று பிள்ளையே முடிவு பண்ணட்டும்.

ஒவ்வொரு முறை ஓடி முடிந்ததும் கட்டைகளைத் திரும்ப நிறுத்துவது அலுப்பான வேலை, நீங்கள் செய்துகொடுத்துவிடலாம் என்று தோன்றும். விட்டுவிடுங்கள், பிள்ளையே நிறுத்தட்டும். பாதியில் ஒருமுறை, நிறுத்திவைத்த கட்டை ஒவ்வொன்றிலும் உன் கை கொஞ்சம் ஆற்றலைப் போட்டு வைத்திருக்கிறது, அடுத்த தடவை விழப்போவது அதுதான் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.